ஹஸ்பண்டின் கீழ்த்தட்டு

இறந்தவர் பெயரில் இருக்கும் சொற்களை நாற்பது நாளுக்குள் ஒப்படைத்துவிட வேண்டும். ஆங்கில வாத்தியார் ஆசீரின் 'சார்', 'அப்பா' இரண்டையும் அவர் மனைவி பியூலா சிரமமில்லாமல் கொடுத்துவிட்டாள். மீதி இருந்தது 'ஹஸ்பண்ட்'. அதை இரண்டடுக்கு டிபன் கேரியரில் வைத்துப் பாளையங்கோட்டை அலுவலகத்துக்கு எடுத்துப்போனாள்.

எழுத்தர் கொக்கியை நீக்கினார். மேல்தட்டில் வீடு இருந்தது. கொடியில் அவளுடைய சேலை காய்ந்துகொண்டிருந்தது. கீழ்த்தட்டு காலி.

"கீழ இருந்தது எங்கம்மா?"

"அடக்கம் பண்ணியாச்சு."

"பாதிச் சொல்லுக்கு ரசீது கெடையாது. வீட்டையும் வச்சிட்டுப் போங்க."

"நான் எங்க போவேன்?"

"அது வேற செக்‌ஷன்."

பியூலா நகரவில்லை. முப்பத்தோரு வருடம், சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் ஆசீர் ஏதாவது ஓர் ஆங்கிலச் சொல்லைப் பிரித்துக் காட்டுவார். இதை மூன்று முறை பிரித்திருக்கிறார். 'ஹூஸ்' என்றால் வீடு. 'போன்டி' என்றால் குடியிருப்பவர். அந்தக் காலத்தில் நார்வே பக்கத்து நார்ஸ்காரர்கள் கப்பலில் வந்து இங்கிலாந்தில் இறக்கிய சொல்.

"தாலி கட்டுனவன்னு இதுல எங்க சார் இருக்கு? குடியிருக்கவுகன்னுதான இருக்கு? நாந்தான குடியிருக்கேன்."

எழுத்தர் ஆவண அறையிலிருந்து ஒரு நார்ஸ்காரரை அழைத்தார். அவர் தாடியைப் பிழிந்துகொண்டே வந்தார். கருவாட்டு வாடை அடித்தது.

"வீட்டுக்குத் தண்ணி புடிக்கது யாரு?"

"நான்."

"கதவு சாத்துறது?"

"நான்."

"பெல் அடிச்சா, யாருன்னு கேக்கது?"

"அவுக. இப்ப நான்."

"அப்ப இவுகதான்" என்றவர், கப்பலுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார்.

பியூலா செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழ்த்தட்டில் இறங்கினாள். அளவு சரியாக இருந்தது. எழுத்தர் மேல்தட்டை வைத்து, கொக்கியை மாட்டி, எடை பார்த்து, திறந்துவிட்டார்.

"சொல் முழுசா இருக்கு. ஆளும் உயிரோட இருக்கு. ஒப்படைக்க வேண்டாம், வீடு ஒங்களுக்குத்தான்."

படிவத்தில் ஒரு வரி பாக்கி இருந்தது.

"மனைவி பேரு?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"ஆசீர்."

"இருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப எதிர் வராந்தா வரிசைக்குப் போங்க அண்ணாச்சி."

அங்கே மனைவியை இழந்த ஆண்கள் நின்றிருந்தார்கள். கடைசி ஆள் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"எத்தன நாளாச்சு அண்ணாச்சி?"

"முப்பத்தெட்டு."

"சாப்பாடெல்லாம்?"

"ஒரு ஆளுக்குப் பொங்க வரமாட்டேங்கு. ரெண்டு ஆளுக்குத்தான் வருது."

அவர் தலையசைத்தார். அவருக்கு முன்னால் நின்றவரும் அசைத்தார். அந்தத் தலையசைப்பு வரிசையில் ஒவ்வோர் ஆளாக முன்னே போனது. வராந்தா நீளம். அது கவுன்ட்டரைத் தொடச் சாயங்காலமாகிவிட்டது.