ராமாயி நட்ட தென்னங்கன்று

குடிசை போட்டிருக்கும் மனை குடியிருப்பவனுக்கே சொந்தம் என்று எங்கள் எம்.எல்.ஏ. கண்ணுசாமி, அரசாங்கத்தின் சார்பில் இல்லாமல் தன் சொந்தப் பொறுப்பில், சட்டசபையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். ரேடியோவில் அதைக் கேட்ட எங்கள் தெரு, சட்டமே வந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டது. எங்கள் குடிசைகள் இருப்பது மிராசுதார் தியாகேசனின் மனையில். அங்கே கூலிக்காரர்கள் மரம் வைக்கக் கூடாது. வைத்தால் மண்ணில் பாத்தியதை வந்துவிடுமாம். இனி அந்தத் தடை இல்லை என்று நினைத்துத்தான் கூலிக்காரி ராமாயி அன்றைக்கே குடிசைக்குப் பின்னால் ஒரு தென்னங்கன்றை நட்டாள்.

மறுநாள் தியாகேசனின் ஆட்கள் கன்றைப் பிடுங்கி எறிந்தார்கள், குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். தடுத்த அவள் புருஷன் இராஜாங்கத்தை மண்வெட்டிக் காம்பால் அடித்தார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவன் செத்துப்போனான்.

கண்ணுசாமி துக்கம் விசாரிக்க வந்தார். ராமாயி வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தாள்.

“சட்டம் என்னங்க ஆச்சு?”

“அரசாங்கமே பாத்துக்கும்னு மந்திரி சொன்னாரும்மா. வழக்கப்படி வாபஸ் வாங்கிட்டேன். நல்லாப் பேசினேன்னு எல்லாரும் மேசையத் தட்டினாங்க.”

வழக்கமாம்! வாபஸ் வாங்கத்தான் கொண்டுபோகிறார் என்று ரேடியோ சொல்லவில்லையே.

ராமாயி வதங்கிய கன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“உங்க வீட்டுக் கொல்லையில வைங்க. அங்க யாரும் புடுங்க மாட்டாங்க.”