தங்கச்சியைத் திட்டினால் இடது பக்கம்

எங்கள் வீட்டுக்காரருக்குக் கண் சரியில்லை என்பது போன மாதம் வரைக்கும் ஊருக்குத் தெரியாது. உக்குவளையில் தெரியாது, மாத்தளைச் சந்தையில் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் டீவி முன்னால் உட்காருகிற ஒருத்தருக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மாணிக்கவாசகம் ஐயா படகு ஓட்டுகிறார், அவர் பெண்சாதி கிருஷ்ணம்மா வாய் ஓயாமல் பேசுகிறாள் என்பதுதான். சந்தைக்குப் போனால் மரக்கறிக்காரி கேட்பாள்:

"ஏம்மா, ஐயா பாவமில்லியா? கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா?"

நான் மூடினால்தான் அவர் பாவம், தாயே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கத்தரிக்காயைப் பொறுக்குவேன். தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைக்காம்பராவில் விட்டுப்போன தோட்டத்துக் குழந்தைகளை எல்லாம் மேய்த்த தொண்டை இது. இதற்காகவாவது பயன்படட்டும்.

எல்லாம் யஹ்யாவால் வந்தது. எங்கள் தெருவில் வளர்ந்த பிள்ளை, இப்போது டீவியில் வேலை. ஒரு நாள் குளத்தில் மீன்படகு ஒன்றை இரவல் வாங்கி நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டு போனதை விளையாட்டாகப் படம் எடுத்தான். அதை ஊரே பார்த்துச் சிரித்தது. அப்புறம் அதுவே 'வாய்க்கால் வழியே' என்று நிகழ்ச்சியாகிவிட்டது. நீர்கொழும்பில் ஒல்லாந்தர் வெட்டிய கால்வாயில் போனோம். புத்தளத்துப் பக்கம் போனோம். வாரத்துக்கொரு வாய்க்கால், அதில் ஒரு கிழவனும் கிழவியும்.

அவருக்கு அது எப்பேர்ப்பட்ட காரியம் என்று எனக்குத்தான் தெரியும். வாழ்நாள் முழுக்கத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டிய மனிதர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு மூலையில் போட்ட பழைய டயர் மாதிரிக் கிடந்தார். சோறு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்க மாட்டார். படகு வந்த பிறகுதான் மீசைக்குச் சாயம் பூசினார், சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னார், என்னோடு வாக்குவாதம் பண்ணினார். செத்தவர் எழுந்து வந்த மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சுகர் கண்ணுக்கு ஏறியது. கிளினிக்கில் டாக்டரிடம் தனியாகப் போய்விட்டு வந்தவர் சொன்னார்: "வலது கண்ணு போச்சு புள்ள. இடது கண்ணு நல்லாத்தான் இருக்கு. பகல்ல எல்லாம் தெரியுது, கிட்ட வர்றதுதான் கொஞ்சம் மங்கல்." நான் நம்பினேன். வெளியே போனால் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார், அது போன வலது கண்ணுக்காக என்றே நினைத்தேன். கட்டினவர் சொன்னால் நம்பாமல் டாக்டரிடம் போய்ச் சாட்சி கேட்கவா முடியும்? மகள் அனுஷியாவிடம் சொன்னால் அன்றைக்கே படகுக்கு முழுக்குப் போட்டுவிடுவாள். அதனால் அவளிடமும் சொல்லவில்லை.

ஒருமுறை படகு நேராகப் போய் ஒரு மூங்கில் கழியில் முட்டப் பார்த்தது. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே யோசித்தோம். "இடது, வலதுன்னு நீ கத்தினா டீவியில தெரிஞ்சு போகும்" என்றார். "ஒண்ணு செய். எந்தங்கச்சியத் திட்டினா நான் இடப்பக்கம் திருப்புறேன். ஒங்கண்ணனப் புகழ்ந்தா வலப்பக்கம். கறி, குழம்புன்னா நேரே. அடுப்புல கருகிருச்சுன்னா நிப்பாட்டிருவேன்."

"ஒங்க தங்கச்சியவா?"

"நீ எப்படியும் திட்டத்தானே போற."

அன்றிலிருந்து நாட்டில் உள்ளவர்களெல்லாம் என் நாத்தனாரின் கஞ்சத்தனத்தையும் என் அண்ணனின் தங்கமான குணத்தையும் கேட்டுச் சிரித்தார்கள். நாத்தனார் மாத்தளையில்தான் இருக்கிறாள். முத்துமாரியம்மன் கோவிலில் நேருக்கு நேர் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். போகட்டும். வளைந்து வளைந்து போகிற வாய்க்காலில் நான் என்ன செய்ய?

 ஆனால் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டே இருந்தாலும் என் கண் அடுத்த வளைவிலேயே இருக்கும். ஒரு சொல் பிந்தினால் என்ன ஆகும் என்கிற நினைப்பு என்னை விட்டுப் போனதே இல்லை.

போன மாதம் லக்கலப் பக்கம் போனோம். வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற பெரிய வாய்க்கால். இரண்டு கரையிலும் மருத மரம், அந்தப் பக்கம் யானை வேலி. காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யஹ்யா கரையில் கேமராவை நிறுத்திவிட்டு எங்களிடம் வந்தான்.

"அம்மா, இன்னைக்கு ஒரு காட்சி மட்டும் நீங்க பேசக் கூடாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பேசாம எப்படி தம்பி?"

"தண்ணிச் சத்தம் மட்டும்தான் வேணும். ரெண்டு பேரும் அமைதியாப் போறீங்க, அவ்வளவுதான். நேரான வாய்க்கால் அம்மா, வளைவே இல்ல. அந்தப் பெரிய மருத மரம் வந்ததும் ஐயா வலப்பக்கம் ஒதுக்கிரணும். இடப்பக்கம் வெள்ளைச் சுவர் தெரியுதா? அதுதான் துருசு, வயலுக்குத் தண்ணி தொறந்து விடுற மதகு. கதவு தொறந்திருக்கு, தண்ணி இழுக்கும். அங்கிட்டு மட்டும் போயிராதீங்க ஐயா."

"கொழுந்து லொறிய மழையில பள்ளத்துல எறக்கின ஆளு நான்" என்றார் இவர். "இந்தச் சுவர் தெரியாதா?"

சத்தம் பதிகிற பெண் ஹம்சிகா படகின் முன்பக்கம் தரையோடு தரையாக உட்கார்ந்துகொண்டாள். காதில் பெரிய ஹெட்போன், மடியில் மைக். கேமராவுக்குத் தெரியாமல் குனிந்து இருக்க வேண்டுமென்று லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டாள். அடுத்தவர் பெற்ற பிள்ளை. எனக்கு மனசு கேட்கவில்லை. யஹ்யா கரையேறிப் போனதும் இவர் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தேன்.

"நெசமா தெரியுதா?"

"பகல் வெளிச்சம் புள்ள. வெள்ளைச் சுவரு. குருடனுக்குக்கூடத் தெரியும். நீ முன்னால போய் ஒக்காரு."

போய் உட்கார்ந்தேன். முத்துமாரி, இந்த ஒரு தடவை என்று வேண்டிக்கொண்டேன். இஞ்சின் மெதுவாக முனகியது. வாயைத் திறக்காமல் அவ்வளவு தூரம் நான் போனதே இல்லை. மரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. தண்ணீரின் இழுப்பு படகுக்கு அடியில் தெரிய ஆரம்பித்தது. பெரிய மருத மரம் வந்தது. இப்போது திருப்புவார் என்று காத்திருந்தேன். அவர் திருப்பவில்லை. மரத்தின் நிழல் எங்கள் மேல் விழுந்து விலகியது. சுவர் வெயிலில் பளீரென்று முன்னால் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். அவர் கேமராவுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார். கேமரா வலது கரையில் இருந்தது. அவர் சிரித்தது இடது கரையைப் பார்த்து. அங்கே ஒரு மனிதரும் இல்லை, வெறும் புதர்.

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இடது கண்ணும் இல்லை. மங்கலும் இல்லை, நிழலும் இல்லை. இவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. பயத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது, அதுவும் தலைகால் தெரியாத கோபம்.

"ஒளிச்சிட்டீங்களே!" என்று கத்தினேன். "எங்கிட்டயே ஒளிச்சிட்டீங்களே! ஒங்க குடும்பமே இப்படித்தான்! ஒங்க தங்கச்சி ஒளிப்பா, நீங்களும்..."

தங்கச்சி என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம், அவர் சுக்கானை இடது பக்கம் ஒடித்தார். சொன்ன பேச்சைத் தட்டாத மனிதர். படகு நேராகச் சுவரை நோக்கிப் பாய்ந்தது.

"அண்ணன்! எங்கண்ணன்!" என்று அலறினேன். பிந்திவிட்டது. படகின் மூக்கு சுவரில் மோதிய அதிர்ச்சியில் நான் முழங்கால் குத்தி விழுந்தேன். ஹம்சிகா ஒரு சத்தமும் போடாமல் தண்ணீருக்குள் போனாள். கை நீட்டியதில் அவள் சடைதான் அகப்பட்டது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். துருசுக் கதவுக்குக் கீழே தண்ணீர் உறுமிக்கொண்டு உள்ளே போனது. அது அவளை இழுத்தது, அவளோடு சேர்த்து என்னையும் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு படகின் விளிம்பில் நெஞ்சை அழுத்தினேன். மூச்சே வரவில்லை, பேச்சு எங்கே வரும்?

பின்னால் இஞ்சின் நின்றது.

"கிஷ்ணம்மா!" என்றார் அவர். "விழுந்துட்டியா? ஏ புள்ள! கிஷ்ணம்மா!"

நான் அவருக்கு நேர் முன்னால் இருக்கிறேன். இரண்டு எட்டு வைத்தால் என் முதுகைத் தொடலாம். அவர் என்னைத் தாண்டி, வெறும் தண்ணீரைப் பார்த்துக் கூப்பிடுகிறார். விளிம்பைத் தடவிக்கொண்டே வலது பக்கம் போனார். தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினார். "கையப் புடி புள்ள, கையப் புடி" என்று அழுதார். அந்த மனிதர் அழுது நான் கண்டதில்லை. பிறகு சாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஒரு காலைத் தூக்கி வெளியே போட்டார். குதிக்கப் போகிறார். வாளித் தண்ணீரில்கூட நீந்தத் தெரியாது அவருக்கு.

என் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கையை விட்டால் இந்தப் பிள்ளை போய்விடும். பேசாவிட்டால் அவர் போய்விடுவார். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, தொண்டை கிழிந்தது.

"இங்கதாங்க இருக்கேன்! படகுலதான் இருக்கேன்! ஒக்காருங்க! அசையாம ஒக்காருங்க!"

அவர் அப்படியே உறைந்தார். காலை உள்ளே எடுத்தார். பலகையில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

யஹ்யாவும் மற்றப் பையன்களும் கயிற்றோடு ஓடிவந்து ஹம்சிகாவைச் சுவரின் மேல் தூக்கிப் போட்டார்கள். அவள் இருமி இருமித் தண்ணீர் கக்கினாள். உயிரோடு இருக்கிறாள் என்று கண்ட பிறகுதான் படகின் விளிம்பிலிருந்து நெஞ்சை எடுத்தேன். எங்களையும் ஏற்றிக் கரையில் உட்கார வைத்தார்கள். யஹ்யா இவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, அம்மா ஒங்களுக்கு முன்னாலதானே இருந்தாங்க?"

"சூரியன் கண்ணுல அடிச்சிருச்சு தம்பி" என்றார். வாயில் தயாராக வைத்திருந்த பொய். சொல்லிவிட்டு என் பக்கம் தலையைச் சாய்த்தார். நானும் ஆமாம் போடுவேன் என்று காத்திருந்தார். சொல்லியிருந்தால் யஹ்யா நம்பியிருப்பான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவர் மறுபடியும் மீசைக்குச் சாயம் பூசியிருப்பார்.

துவாயைப் போர்த்திக்கொண்டு ஹம்சிகா வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"சூரியன் இல்ல தம்பி" என்றேன். "அவருக்குக் கண்ணு தெரியாது. இனி அவரு படகு ஓட்ட மாட்டாரு."

 அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய உயிரை நானே பிடுங்கிப் போட்ட மாதிரி எனக்கு வலித்தது. வேறு என்ன செய்ய? அழுகையை அடக்கிக்கொண்டு அவர் கையைப் பிடித்து வேனில் ஏற்றினேன். கையை உதறவில்லை, பிடிக்கவுமில்லை.

வேன் புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டேன். "எப்ப இருந்து?"

"புத்தளத்துக்குப் போறதுக்கு முந்தியே."

"எல்லாத்தையும் என் வாய நம்பித்தான் ஓட்டினீங்களா?"

"ம்."

அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. "நீந்தத் தெரியாத ஆளு எதுக்குக் காலைத் தூக்கி வெளிய போட்டீங்க? படகுக்குள்ள நான் இருந்தேனே!"

அவர் என் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார்.

"நீ பேசலியே" என்றார். "நீ பேசலன்னா தண்ணிக்குள்ளதான் இருக்கணும்னு நெனச்சேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"இந்தப் பக்கம் வயலுங்க" என்றேன். "இப்பத்தான் நாத்து நட்டிருக்காங்க. ஒரு பொம்பள வரப்புல ஒக்காந்து சோறு திங்கிறா. அதுக்கு அங்கிட்டு மலை, பாதி மேகம் மூடியிருக்கு."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். "சொல்லு" என்றார்.

உக்குவளை வந்து சேரும் வரைக்கும் கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.