மூன்று சுற்று

வெள்ளைக் கைக்குட்டை ஒன்று பித்தளையின் மேல் சுற்றுகிறது, ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றில் விளிம்பை அழுத்தித் துடைத்துவிட்டு நிற்கிறது, மணிக்கட்டுக்கு மேல் கையும் இல்லை முகமும் இல்லை, பீடி இலை நறுக்கும்போது அது சுற்றுகிறது, உலை கொதிக்கும்போது சுற்றுகிறது, கண்ணை மூடினால் இன்னும் நிதானமாகச் சுற்றுகிறது, அந்தக் கை என் அண்ணன் பரமசிவனுடையது என்று எனக்குத் தெரியும், பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிறவன், எனக்குச் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி வந்து அம்மாவுக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தவன், அவன் முகத்தைக் கொண்டுவந்து அந்தக் கைக்கு மேல் வைத்தால் பொருந்தமாட்டேன் என்கிறது.

எல்லாம் ட்ரம்பெட்டில் ஆரம்பித்தது, கல்லூரி பேண்டில் ட்ரம்பெட் ஊதுகிற சீனியர் படிப்பு முடிந்து போகிறார், அவர் இடத்துக்கு அண்ணனும் இன்னொரு பையனும் போட்டி, பங்குனியில் தேர்வு வைப்பேன், நன்றாக ஊதுகிறவனுக்குத்தான் இடம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம், அன்றிலிருந்து அண்ணன் கண்ணாடி முன்னால் உதட்டைக் குவித்துப் புர்ரென்று ஊதுகிறான், எருமை தும்முற மாரி இருக்குல என்று அப்பா திட்டுகிறார், அவன் நிறுத்தவில்லை, எனக்கு வேற எதுவும் வேண்டாம் ஏட்டி, ஏசுவடியான் மாஸ்டர் மூணு மாசம் சொல்லிக் குடுத்தாப் போதும் என்றான். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார் ஏசுவடியான் மாஸ்டர், போலீஸ் பேண்டில் ஊதுகிறவர்கள் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், அவர் தெருவில் நடந்து வந்தால் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். அண்ணன் இரண்டு தடவை கேட்டைத் தாண்டிப் போய் அவர் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான், என்னடே சேதி என்று கேட்டுட்டா என்ன சொல்ல என்று என்னிடமே கேட்டான், பேசத் தெரியாத என்னிடம், ஒன்பதாம் வகுப்பில் எழுந்து வாசி என்றதும் குரல் வராமல் நின்று, வகுப்பே சிரித்து, மறுநாளிலிருந்து பள்ளிக்கூடமே போகாத என்னிடம்.

ஆனால் மாஸ்டர் மனைவி ரூத்தக்காவை எனக்குத் தெரியும், சுற்றிய பீடியைக் கொடுக்க நாங்கள் ஒரே பீடிக்கடை வரிசையில்தான் நிற்போம், அக்காவுக்கு முட்டுவலி, அவளுடைய இலைக்கட்டை நான்தான் சுமந்து கேட்டைத் தாண்டி அவள் வீட்டில் கொண்டுபோய் வைப்பேன், தண்ணி குடிக்கியா பிள்ள என்பாள், தாகமில்லக்கா என்பேன், வந்துவிடுவேன். பேச வராததை எழுத வரும் எனக்கு, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மாஸ்டருக்குக் கடிதம் எழுதினேன், என் அண்ணன் கெட்ட பழக்கம் எதுவும் இல்லாதவன், சொன்னதைச் செய்வான், அதிகாலையில் வரச்சொன்னாலும் வருவான், இவ்வளவு எழுதியும் போதவில்லை என்று தோன்றியது, கடைசியில் இன்னொரு வரி சேர்த்தேன், எங்க அண்ணன் மனுஷரில் வித்தியாசம் பார்க்கமாட்டான். அந்த வரியை எழுதியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது, நான்கு தடவை வாசித்துப் பார்த்தேன், ரூத்தக்கா அதை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, லவ் லெட்டர் கெணக்கா மடிச்சிருக்கியேட்டி, எங்க வீட்டுக் கிழவனுக்கா என்று சிரித்தாள்.

கார்த்திகைக் கடைசியில் மாஸ்டர் வரச்சொன்னார், ஞாயிறு சர்ச் ஆராதனை முடிந்து, அண்ணன் முன்னால் போகிறான், நான் பின்னால், தகர ஷீட்டு போட்ட முற்றம், சுவரில் தொப்பி போட்ட போலீஸ்காரர்கள் வரிசையாக நிற்கிற போட்டோ, ஆணியில் உறைபோட்ட ட்ரம்பெட், மாஸ்டர் மேலும் கீழும் பார்க்கிறார், அண்ணனை அல்ல, என்னை, கடுதாசி எழுதுன பிள்ள நீதானா என்கிறார், நான் தலையை ஆட்டுகிறேன், நல்லா எழுதியிருக்கம்மா என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து மவுத்பீஸை எடுக்கிறார், ட்ரம்பெட்டில் வாய் வைத்து ஊதுகிற குமிழ் அது, வெள்ளிப் பூச்சு போய்ப் பித்தளை தெரிகிறது, பனிக் குளிரில் அதை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்குகிறார், ஒருதரம் ஊதிக் காட்டுகிறார், பிறகு நீட்டுகிறார், ஊது தம்பி, பயப்படாத. அண்ணன் இரண்டு கையாலும் பணிவாக வாங்கினான், பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தான், ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. துடைக்கும்போது மாஸ்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான், அதுதான், அந்தச் சிரிப்புதான், அதில் கெட்டது ஒன்றுமே இல்லை. அண்ணன் ஊதினான், கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, ரூத்தக்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள், மாஸ்டர் சிரிக்கவில்லை, பல்லு வரிசையா இருக்கு, உதடும் தோதான உதடுதான் என்றார், மவுத்பீஸை வாங்கினார், துடைக்காமல், அண்ணனின் எச்சில் மினுங்க அப்படியே வாயில் வைத்து ஒருதரம் ஊதினார், பையில் போட்டுக்கொண்டார், இப்ப கிறிஸ்மஸ் வேல தம்பி, தை பொறக்கட்டும் பாப்போம் என்றார்.

கேட்டைத் தாண்டும்போது அண்ணன் குதித்தான், பாத்தியா ஏட்டி, தோதான உதடுன்னுட்டாரு, எத்தன பேருக்குச் சொல்லியிருப்பாரு இப்படி, நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். தை பிறந்தது, அவன் போனான், தவசு காலம் வருது, ஈஸ்டர் முடியட்டும் தம்பி என்றாராம், ஈஸ்டர் வருவதற்குள் தேர்வே முடிந்துவிடும், அண்ணனுக்கு அப்போதும் புரியவில்லை, பெரிய மனுஷருக்கு ஆயிரம் சோலி இருக்கும், நீ அக்காட்ட ஒரு வார்த்த சொல்லிப் பாரேன் என்றான்.

பீடிக்கடை வரிசையில் ரூத்தக்கா பக்கத்தில் நின்று, எனக்கு வராத குரலை இழுத்து வெளியே போட்டேன், அண்ணன் தொடச்சதுக்காக்கா இப்படி. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு சிரித்தாள், தொடச்சதுக்கா, தொடச்சவங்களக் கழிச்சா அவுக ஒருத்தனுக்கும் சொல்லிக் குடுத்திருக்க முடியாது பிள்ள, சுவத்துல நிக்கானுவளே போலீசு, பாதிப் பயலுவ தொடச்சவனுவதான், அதுக்குன்னே தனியா ஒரு மவுத்பீஸு கெடக்கு வீட்டுல, டெட்டால் தண்ணில போட்டு வச்சிருப்பாக, வாரவனுக்கு அதத்தான் குடுப்பாக, தொடச்சாத் தொடச்சிட்டுப் போறான்னு. பிறகு எதுக்கு அவர் வாயில வச்சத எடுத்துக் குடுத்தாரு என்று கேட்டேன். நீதான எழுதியிருந்த, வித்தியாசம் பாக்கமாட்டான்னு என்றாள் அக்கா, அத மூணு தடவ வாசிச்சாக, கண்ணாடியக் கழத்தித் தொடச்சிட்டு மறுபடி வாசிச்சாக, நாப்பது வருசத்துல ஒருத்தரும் இப்படி எழுதிக் குடுத்ததில்லட்டின்னாக, அதான் தன் சொந்த மவுத்பீஸ எடுத்து நீட்டுனாக. வரிசை நகர்ந்தது, பின்னால் நின்றவள் முதுகில் தட்டினாள், கடிதத்தில் நான் எழுதிய வரிதான், அது இல்லாவிட்டால் டெட்டால் மவுத்பீஸ் வந்திருக்கும், அண்ணன் துடைத்திருப்பான், மாஸ்டர் சொல்லிக் கொடுத்திருப்பார், நான் பொய்யா எழுதலக்கா என்றேன். நீ பொய் சொல்லுதன்னு ஆரு சொன்னா என்றாள் அக்கா, கோபமே இல்லாமல், பீடிக்கட்டை ஒவ்வொன்றாகத் தட்டி நேராக்கிக்கொண்டே, ஆனா நான் அத நம்பல கேட்டியா, எங்க வீட்டுக்கு எலையத் தூக்கிட்டு எத்தன நாளு வந்திருப்ப, ரெண்டு வருசம், வெயில்ல மூஞ்சி செவந்து வருவ, ஒரு நா ஒனக்குத் தாகம் எடுத்திருக்கா.

தாகம் எடுத்திருக்கிறது, கேட்டைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் வந்ததும் முதல் வேலையாகக் குடத்தில் மொண்டு மடமடவென்று குடிப்பேன், அப்படியென்றால் அங்கே ஏன் தாகமில்லை என்று சொன்னேன், நான் யோசித்துச் சொல்லவில்லை, நாக்கு தானாகச் சொன்னது, எப்போதும் வராத என் குரல் அதற்கு மட்டும் எப்படி இவ்வளவு சுத்தமாக வந்தது, யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லையே என்று நினைக்கும்போதே இடுப்பில் சுரீரென்கிறது, எனக்கு ஏழு வயது, ரூத்தக்காவின் தெருவில் ஒரு வீட்டில் அம்மாவுக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்திருக்கிறோம், ஒரு பெண் எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் நீட்டுகிறாள், நான் கையை நீட்டுகிறேன், அம்மாவின் விரல் என் இடுப்பைக் கிள்ளுகிறது, அவள் முகம் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது, தாகமில்லன்னு சொல்லு. சொன்னேன், அன்றைக்குச் சொன்னது நிற்கவே இல்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் கண்ணாடி முன்னால் நின்று, என்னட்டி சொன்னாங்க அக்கா என்றான், நீ தொடச்சேல்லா என்றேன், எதத் தொடச்சேன் என்றான். விளையாடுகிறானோ என்று பார்த்தேன், இல்லை, அவன் முகத்தில் ஒன்றும் இல்லை, நிஜமாகவே அவனுக்கு ஞாபகம் இல்லை. மாஸ்டர் குடுத்த மவுத்பீஸ, கைக்குட்டையால, மூணு சுத்து என்று சொல்லச் சொல்ல அவன் கண் மெதுவாக மாறியது, ஏட்டி, அடுத்தவுக வாயில வச்சது, எச்சில்லா, ஆரா இருந்தாலும் தொடைக்கத்தான செய்வோம் என்றான். நேத்து கேன்டீன்ல நீயும் நம்ம தெரு வேலாயுதமும் ஒரு பாட்டில் கலர் சோடாவ மாத்தி மாத்தி வாய் வச்சுக் குடிச்சதாச் சொன்னியே, அவன் முக்காவாசியக் காலி பண்ணிட்டான்னு சொல்லிச் சிரிச்சியே என்றேன், என் வாழ்நாளில் அவனிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தான், முகம் வேர்த்துவிட்டது, துடைக்கப் பையில் கையை விட்டான், கைக்குட்டையைப் பாதி எடுத்தவன் அப்படியே நிறுத்தினான்.

பங்குனியில் அந்த இன்னொரு பையன் தேர்வானான், அண்ணன் கேட்டைத் தாண்டிப் போகவில்லை, மன்னிப்புக் கேக்கணும்னாலும் என்னன்னு சொல்லிக் கேக்க என்றான், கண்ணாடி முன்னால் இப்போது தலை மட்டும் சீவுகிறான். நான் இலைக்கட்டோடு ரூத்தக்கா வீட்டுக்குப் போகிறேன், போய் நின்று, அக்கா தண்ணி என்று சொல்ல வேண்டும், எழுதி மடித்துக் கொடுக்கக் கூடாது, வாயால் சொல்ல வேண்டும், மூன்று நாளாக வாசலில் இலைக்கட்டை இறக்கி வைத்துவிட்டு நிற்கிறேன், அக்கா இப்போதெல்லாம் கேட்பதில்லை, குரல் வரவில்லை, தொண்டை காய்ந்து கிடக்கிறது, உள்ளே மாஸ்டர் யாருக்கோ பாடம் சொல்கிறார், டெட்டால் வாசம் முற்றம் வரை வருகிறது, கண்ணை மூடுகிறேன், வெள்ளைக் கைக்குட்டை சுற்றுகிறது, நான் துவைத்தது, நீலம் போட்டு உலர்த்தியது, அன்றைக்குக் காலையில் நான்காக மடித்து நான்தான் அவன் பையில் வைத்தேன், ஒரு சுற்று, இரண்டு சுற்று, மணிக்கட்டுக்கு மேல் கை இன்னும் தெரியவில்லை, ஆனால் விரல் நுனிகள் தெரிகின்றன, புகையிலைத் தூள் ஏறிப் பழுப்பேறிய விரல்கள், பெருவிரல் நகத்தில் பாதி உரிந்த சிவப்புச் சாயம், மூன்றாவது சுற்றில் விளிம்பை அழுத்தித் துடைக்கின்றன.