வாய் தவறிய முறை

பிரியங்காவுக்கு நாலு வயதிலிருந்தே ஒரு வார்த்தை தடை. தீனாவை அவள் 'அண்ணா' என்று கூப்பிடக் கூடாது. அத்தை மகன் ஆயிற்றே, நாளைக்குக் கட்டிக்கொள்ளப் போகிறவன் ஆயிற்றே! "மாமான்னு கூப்டுடி" என்று கடலைமிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள், தொடையில் கிள்ளியும் பார்த்தார்கள். அந்தக் கழுதை மிட்டாயை வாங்கிப் பாதியைக் கடித்து, "இந்தாண்ணா" என்று அவனிடமே நீட்டியது. எட்டு வயதில் ஒருநாள் அடி பலமாக விழுந்தது. அன்றோடு அவனைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். 'ஏய்', 'இந்தா', 'உன்னத்தான்' என்றே பதிமூன்று வருஷம் ஓடிப்போயிற்று. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருத்தனை முறை சொல்லாமல் பதிமூன்று வருஷம் ஓட்டுவது என்றால் சும்மாவா?

அடித்தவர் அவள் அப்பா பக்தவச்சலம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள குப்பத்தில் சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருக்கிறவர். பொல்லாத மனுஷர் இல்லை, ஆனால் ஒரு சொல் கொடுத்துவிட்டால் அதிலேயே நிற்பார். இந்தச் சொல்லையோ அவர் செத்தவளுக்குக் கொடுத்திருந்தார்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய தங்கை லதா கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தாள். புருஷன் அதற்கு முந்தைய வருஷமே காய்ச்சலில் போய்விட்டான். மூன்று வயதுப் பிள்ளை தீனா அவள் பக்கத்தில் மணலைக் கிளறிக்கொண்டிருந்தான். தண்ணீர் எழுந்து வந்தபோது பக்தவச்சலம் ஓடினார். லதா பிள்ளையைத் தூக்கி அவர் பக்கம் வீசிவிட்டு, "அண்ணா!" என்று ஒரு கத்துக் கத்தினாள். அவர் பிள்ளையைப் பிடித்தார். அவளைப் பிடிக்க இன்னொரு கை இல்லை.

காரியத்தன்று அதே கரையில் நின்று, "உன் புள்ளைக்கு என் பொண்ணத் தரேன், லதா. அவன் அநாத இல்ல" என்று சொன்னார். பொண்ணுக்கு அப்போது ஐந்து மாதம். நிவாரண முகாமில் தீனா யாரிடமும் வாயே திறக்கவில்லை. பிரியங்காவின் தூளிக்கு அடியில் போய்ப் படுத்து, தொங்கும் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு தூங்குவான். இரண்டு மாதம் கழித்து அவன் பேசிய முதல் வார்த்தை "பாப்பா". அதைக் கேட்டு எல்லாரும் அழுதார்கள். அது என்ன சொல் என்று மட்டும் அன்றைக்கு ஒருவரும் யோசிக்கவில்லை.

நிச்சயத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, சிறுசேரியில் வேலை பார்க்கும் பிரியங்கா ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அப்பாவிடம் வந்து நின்றாள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம் நைனா."

"வேற யார்னா கீறானா? சொல்லிடு, அடிக்க மாட்டேன்."

"யாரும் இல்ல."

"அப்ப இவன் மேல இன்னா கொற? குடிக்கிறானா?"

"ஒரு கொறயும் இல்ல. அவனுக்கு ஒண்ணுன்னா நான் செத்துடுவேன். ஆனா கட்டிக்கன்னு சொன்னா மட்டும் கொமட்டிக்கினு வருது. எனக்கு இன்னாவோ ஆயிடுச்சின்னு பயந்துட்டேன் நைனா." அவள் போனை எடுத்தாள். "இதப் பாரு. சீனா பக்கத்துல ஒரு தீவுல, கைக்கொயந்தையவே மருமவளா கொண்டாந்து, கட்டிக்கப் போற பையனோட ஒரே வூட்ல வளப்பாங்களாம். அப்டிக் கட்டுன ஜோடிங்க நெறய பேரு ஒட்டவே இல்லியாம். சின்னதுல கூட வளந்தா, ஒடம்பு அவங்களக் கூடப் பொறந்தவங்கன்னே எடுத்துக்கினு போயிடுமாம். எத்தினியோ ஆயிரம் வருசமா மனுசனுக்கு அப்டித்தானாம். அதுக்கு ரத்தம்லாம் தெரியாது. யாரு கூடத் தூங்குனோம், யாரு தட்டுல துன்னோம், அத்தான் தெரியும்."

பக்தவச்சலத்துக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "சீனாக்காரன் சொல்லித்தான் நம்ம வூட்ல கல்யாணமா? நம்ம ஜனம் மொத்தமும் அத்த மவன், மாமன் மவன்னு கட்டிக்கினு நல்லாத்தான் கீது. உங்கம்மா எனக்கு மாமன் மவதான!"

உள்ளே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்தே அவர் மனைவி சம்பூர்ணம் குரல் கொடுத்தாள். "நான் கோவளத்துல வளந்தேன், நீ இங்க வளந்த. வருசத்துக்கு ஒரு வாட்டி திருப்போரூர் திருவிழாவுல பாத்தா எவன்தான் அயகாத் தெரிய மாட்டான்?"

"நீ சும்மா இரு!" என்று எரிந்து விழுந்தார். ஆனால் அந்தப் பேச்சு சட்டைக்குள் போன மணல் மாதிரி அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் கடலில் தீனாவிடமே கேட்டார். "இன்னாடா, உனக்கு சம்மதம்தான?"

"நீ சொன்னா சரி மாமா" என்றான் தீனா. பிறகு வலையில் ஒரு சிக்கலை எடுக்கக் குனிந்தான். படகு கரை சேரும் வரை அந்த ஒரு சிக்கலையே எடுத்துக்கொண்டிருந்தான். இந்த வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன், வேண்டாம் என்று எந்த வாயால் சொல்லுவான்? பக்தவச்சலம் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி இன்ஜின் பக்கம் திரும்பிக்கொண்டார். லதாவுக்குக் கொடுத்த வாக்கு எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

நிச்சயத்தன்று வாசலில் ஷாமியானா போட்டார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே வீடு. அந்தப் பக்கம் பேச ஆள் வேண்டுமே என்று ஊர்த் தலைவர் ராமதாஸ் மாப்பிள்ளை வீட்டாராக உட்கார்ந்தார். வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் தட்டில் தயார். பிரியங்கா பட்டுப்புடவையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம் அது. வந்தவர்கள் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். தீனா எதிரே வந்து நின்றான். ராமதாஸ் தட்டைத் தூக்கினார்.

அந்த நேரம் பார்த்துக் கடல்காற்று ஒரு தூக்குத் தூக்கியது. ஷாமியானா உப்பி மேலே எழும்ப, தீனாவுக்குப் பின்னால் நின்ற இரும்புக் கம்பம் மண்ணைப் பெயர்த்துக்கொண்டு சாய்ந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

"அண்ணா!"

தட்டு ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம் பறந்தது. பட்டுப்புடவையோடு பாய்ந்த பிரியங்கா அவனை இடித்துக்கொண்டு மணலில் விழுந்தாள். அவன் நின்ற இடத்தில் கம்பம் தொம்மென்று இறங்கியது. "அடி பட்டுச்சாண்ணா? அண்ணா, தலையக் காட்டு" என்று அவன் மண்டையைத் தடவித் தடவிப் பார்த்தாள். என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவனும், "ஒண்ணும் இல்ல பாப்பா, அழாத, அழாத" என்றான்.

ஓடி வந்த பக்தவச்சலம் பாதி வழியிலேயே நின்றுவிட்டார். கம்பம் விழுந்ததற்காக இல்லை. அந்தக் குரல்! இருபத்தொரு வருஷமாக அவர் காதில் இருக்கும் அதே குரல், அதே கத்தல், கடைசியில் அப்படியே கீறும் அதே தொண்டை. லதா போனபோது இவள் ஐந்து மாதக் கைக்குழந்தை ஆயிற்றே. அடித்து, கிள்ளி, மிட்டாய் கொடுத்து அவர் அழித்த வார்த்தை ஆயிற்றே இது! தூளியின் அடியில் கிடந்த பிள்ளையும் தூளியில் கிடந்த பிள்ளையும் யாரையும் கேட்காமல் தங்களுக்குள் ஒரு முறையை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் மேல் ஊர், சொந்தம், வாக்கு என்று எத்தனை மண்ணைப் போட்டும் ஒன்றும் ஆகவில்லை. அம்மாடி! மனுஷ உடம்புக்குள் இவ்வளவு பழைய ஒன்று உட்கார்ந்திருக்குமா? அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கும்பிட வேண்டும் போலிருந்தது, யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

ராமதாஸ் தொண்டையைக் கனைத்தார். "அண்ணான்னு கூப்ட்டுச்சே, பக்தா. இனிமே எப்டி பாக்கு மாத்துறது?"

பிரியங்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அடிக்குப் பயந்த எட்டு வயதுப் பிள்ளையாக வாயைப் பொத்திக்கொண்டாள். பக்தவச்சலம் குனிந்து, சிதறிய வெற்றிலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மணலைத் தட்டினார். மகள் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"கைய எடும்மா. உன்ன அன்னிக்கு அடிச்சிருக்கக் கூடாது. தப்பு என்னிதுதான்."

பிறகு வெற்றிலையைத் தீனாவின் கையில் வைத்தார். "உன் தங்கச்சிக்கு மாப்ள பாக்குறது இனிமே உன் பொறுப்பு. கல்யாணத்துல மச்சான் மோதிரம் உனக்குத்தான். கேட்டு வாங்கிக்க."

மூன்று வயதிலிருந்து யார் முன்னாலும் அழாத தீனா வெற்றிலையை முகத்தில் அமுக்கிக்கொண்டு அழுதான். "அப்ப நான் இந்த வூட்லயே இருக்கலாமா மாமா?" என்று கேட்டான். அடப்பாவி, இத்தனை நாளும் அவன் பயந்தது இதற்குத்தானா! சம்பூர்ணம் ஓடி வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

பக்தவச்சலம் எழுந்து கரைக்கு நடந்தார். தண்ணீர் காலைத் தொட்டுவிட்டுப் போயிற்று.

"சொன்ன மாதிரியே பொண்ணக் குடுத்துட்டேன், லதா" என்றார். "தங்கச்சியாக் குடுத்துட்டேன். உன் புள்ள அநாத இல்ல."

பின்னால் வீட்டு வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அண்ணா! நைனாவ சாப்டக் கூப்புடு, சோறு ஆறிப் போவுது!"

பக்தவச்சலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். தீனா அவரைக் கூப்பிட ஓடி வந்துகொண்டிருந்தான்.