கருநீலத் துண்டுகள்

பிப்ரவரி 9, திங்கட்கிழமை, காலை 7.40. தொண்ணூறு அறைகள் கொண்ட விடுதியின் நான்காம் மாடியில், 412ஆம் அறையில் தங்கியிருந்தவர் குளித்துவிட்டுப் புதிய கருநீலத் துண்டால் முகம் துடைத்தார். எட்டு மணிக்கு வரவேற்பு மேசையில் புகார் எழுதிக் கொடுத்தார்.

"தாடி பூரா வெள்ளைப் பஞ்சு. ஒரே ராத்திரில நரைச்சுப்போச்சேன்னு மனுஷன் ஆடிப்போயிட்டாராம்" என்று, கீழ்த்தளத்துச் சலவை அறைக்குச் சேதி கொண்டுவந்த பணியாளர் சிரித்தார். அங்கிருந்த இரண்டு பெண்களும் சிரிக்கவில்லை.

ஒருவர் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர். பதினேழு வருட சர்வீஸ். மற்றவள் அவருடைய தம்பி மனைவி; இயந்திரங்களை ஓட்டுபவள். வருகிற வெள்ளிக்கிழமை அவளுடைய தகுதிகாண் காலம் முடிகிறது. புகார் இல்லையென்றால் வேலை நிரந்தரம். நிரந்தர ஊழியரின் குடும்பத்துக்குத்தான் விடுதி மருத்துவச் செலவு தரும். அவள் கணவன் எட்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தான். முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்கு இருபதாம் தேதி குறித்திருந்தார்கள்.

முந்தைய நாள் சலவை இயந்திரம் ஒன்று பழுதாகியிருந்தது. மிச்சமிருந்த ஒன்றில் புது வெள்ளைத் துண்டுகளோடு கருநீலத்தையும் சேர்த்துப் போடச் சொன்னார் மேற்பார்வையாளரான நாத்தனார்.

"வேண்டாம் அண்ணி. புதுத் துண்டு மூணு தடவையாவது பஞ்சு கொட்டும். இப்படித் திணிச்சா அலசவே இடமிருக்காது. வெள்ளைல உதிர்றது எல்லாம் நீலத்துல அப்பிக்கும்."

"எனக்கே பாடம் எடுக்கறியா? பன்னிரண்டுக்குள்ள துண்டு மாடிக்குப் போகணும். போடு."

போட்டாள். எடுத்த பிறகு ஒவ்வொரு துண்டையும் உதறினாள். டிரையரை முழுக்க நிரப்பாமல், பாதி அளவே போட்டு மூன்று நடை ஓட்டினாள். ஒவ்வொரு நடை முடிந்ததும் வடிகட்டி வலையை உருவி, கம்பளி போல் படிந்திருந்த பஞ்சை வழித்துக் குப்பையில் போட்டாள். அப்படியும் நீலத்தில் வெள்ளை தெரிந்தது. "இருட்டு பாத்ரூம்ல யாரு பார்க்கப் போறா?" என்று நாத்தனாரே மடித்து அனுப்பினார்.

ஒன்பது மணிக்கு மேலாளர் வந்தார். ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'கடிகாரம்'. பேசும்போதெல்லாம் மணிக்கட்டைப் பார்ப்பார். நேராக டிரையரிடம் போய் வலையை உருவினார். வெளிச்சத்தில் பிடித்தார். அதில் ஒரு துகள்கூட இல்லை.

"நேத்து இது ஓடுச்சா?"

"மூணு தடவை சார்."

"ஓடியிருந்தா பஞ்சு எங்கம்மா?"

"ஒவ்வொரு தடவையும் எடுத்துடுவேன் சார். விட்டா காத்து அடைச்சு, பஞ்சு திரும்பத் துணிக்கே வந்துடும்."

"எடுத்தது எங்கே?"

"குப்பைல. காலைல வண்டி வந்து அள்ளிட்டுப் போயிடுச்சு."

"நல்ல கதை. டிரையர்ல போடாம அப்படியே மடிச்சு அனுப்பிட்டு, எனக்கே காது குத்தறியா?" மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார். "சேர்த்துப் போடச் சொன்னது யாரு?"

நாத்தனார் ஒரு வெள்ளைத் துண்டின் நான்கு மூலைகளையும் சரியாகப் பொருத்தினார்.

"தனியாப் போடத்தான் சொன்னேன் சார்."

"அண்ணி!"

"சொன்னதைக் கேட்டா ஏன் இப்படி ஆகுது?" என்றார் நாத்தனார், துண்டைப் பார்த்தபடியே.

மேலாளர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு படியேறினார்.

மாலையில் இருவரும் ஒரே பேருந்தில், ஒரே இருக்கையில் வீடு திரும்பினார்கள். நாத்தனார்தான் பேச்சை எடுத்தார்.

"எனக்கு ரிட்டயராக ரெண்டு வருஷம் இருக்கு. இப்ப என் பேர் கெட்டா எல்லாம் போச்சு. உனக்கென்ன, சின்ன வயசு."

"முதுகு உங்க தம்பியோடது அண்ணி."

"அவன்கிட்ட நான் பேசிக்கறேன்."

பேசினார். "உன் பொண்டாட்டிக்கு வேலைல கவனம் பத்தலடா" என்று படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, தம்பியின் தலையணையைச் சரிசெய்தார். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

புதன்கிழமை சலவை அறைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: புதிய துண்டுகளை நிறம் பிரித்தே துவைக்க வேண்டும்; அடியில் மேற்பார்வையாளரான நாத்தனாரின் கையொப்பம். வெள்ளிக்கிழமை அவளுடைய தகுதிகாண் காலத்தை ஆறு மாதம் நீட்டித்தார்கள். இருபதாம் தேதி அறுவை சிகிச்சைப் பட்டியலிலிருந்து கணவனின் பெயரை மருத்துவமனை நீக்கியது.