றிஸ்மி இருந்த இத்தா

தலாக்குக்குப் பிறகு காத்திருக்கிற இத்தா பெண்களுக்கு மட்டும்தான் என்று ஓதிக்கொடுத்தார்கள். என் கதையில் இத்தா இருந்தது என் புருஷன் றிஸ்மி. நான் கல்முனைக்குடியில் என் வீட்டில் அபாயா தைத்துக்கொண்டு இருந்தேன். அவன்தான் சாய்ந்தமருதில் தாய் வீட்டில் குந்தியிருந்து, எனக்கு எப்போது மாதவிடாய் வரும் என்று காத்துக்கிடந்தான். ஆறு வருடமாக அவனை ‘அவர்’ என்றுதான் சொல்லிவந்தேன். இந்தக் கதை முழுக்க ‘அவன்’தான். பொறுக்காதவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

எனக்கு அது ஒழுங்காக வருவதில்லை. குமராக இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். ஒரு முறை மாதத்தில் வரும், அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. வருவதற்கு முந்திய கிழமை, ஏழு நாளும், நான் நானாக இருக்க மாட்டேன். மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும், தலை வெடிக்கும், படுத்தால் கண் மூடாது. தட்டில் கரண்டி படுகிற சத்தம்கூட யாரோ கன்னத்தில் அறைவதுபோல இருக்கும். காரணமில்லாமல் அழுவேன், கத்துவேன். செத்தால் என்ன என்றுகூட நினைத்திருக்கிறேன். உதிரத்தைக் கண்டதும் எல்லாம் வடிந்துவிடும். அப்போதுதான் யார் யாரை என்னென்ன சொன்னேன் என்று நினைத்து வெட்கப்படுவேன்.

ஆஸ்பத்திரியில் லேடி டொக்டர், இது பைத்தியம் இல்லை, இதற்குப் பெயர் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது என்று சொன்னபோது அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஓடோடி வந்து றிஸ்மியிடம் சொன்னேன். அவன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. குணம் கெட்டதுக்கெல்லாம் இப்போது இங்கிலீசில் பெயர் வைத்துவிட்டார்கள் என்றான்.

அந்தக் கிழமைகளில் ஒன்றில்தான் சோற்றுத் தட்டை எறிந்தேன். எறிந்தது உண்மை, இல்லையென்று சத்தியம் பண்ண மாட்டேன். எறிந்துவிட்டு நிலத்தில் இருந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். கட்டின புருஷன் என்ன செய்ய வேண்டும்? ஒரு மிடறு தண்ணீர் தர வேண்டும். இவன் போனை எடுத்து வீடியோ பிடித்தான். பிடித்ததைத் தன் குடும்பத்து வட்ஸ்அப் குறூப்பில் போட்டான். அடுத்த கலியாண வீட்டில் என்னைக் கண்டதும் அவனுடைய கூடப்பிறந்த ராத்தாமார் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். என் மாமி, அவனைப் பெற்ற ஹவ்வா உம்மா, ஜின்னுதான் பிடித்திருக்கிறது என்று ஓதிப் பார்க்கிற ஒருவரைக் கூட்டிவந்து தண்ணீர் ஓதிக் குடிக்க வைத்தார். குடித்தேன். அந்தக் கிளாஸ் தண்ணீரை நான் மறக்கவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் பெண்தான் வீடு கொண்டுவர வேண்டும், மாப்பிள்ளை கையை வீசிக்கொண்டு வந்து ஏறுவார். என் வாப்பா மீராமுகைதீன் காலமெல்லாம் வயல் செய்து கட்டித் தந்தது ஓட்டு வீடு. றிஸ்மிக்கு அட்டாளைச்சேனையில் மாடி வீட்டோடு ஒரு பெண்ணைப் பேசினார்கள். அதற்குப் பிறகுதான் என் நோய் அவனுக்குத் தாங்க முடியாத நோயாகிவிட்டது. கலியாண வழக்கு விசாரிக்கிற காதியாரிடம் போய்த் தலாக் கேட்டான்.

விசாரணை அன்று வாப்பாவோடு போயிருந்தேன். இரண்டு பக்கத்து ஆண்களும் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் என் உடம்பை அவன் கடை விரித்தான். எப்போது மார்பு வலிக்கும், எப்போது கத்துவேன், எத்தனை மாதம் வராமல் இருக்கும், எல்லாவற்றையும் சொன்னான். காதியார் போதும் தம்பி என்று கையை உயர்த்தினார். அவன் நிறுத்தவில்லை.

“இவட அது எப்ப வரும் எண்டு படைச்ச றப்புக்கும் இவளுக்கும்தான் தெரியும். மனிசனால கணக்குப் பார்க்க ஏலா.”

அவன் பக்கத்து ஆண்கள் சிரித்தார்கள். அவனுடைய பெரியவாப்பா தாடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து சேரும்வரை அந்தத் தலை நிமிரவில்லை. அவன் பிறகு சொன்ன தலாக் எனக்கு வலிக்கவில்லை, வாப்பாவின் அந்தக் குனிந்த தலைதான் வலித்தது. இதற்கு இவன் பதில் சொல்லாமல் போகக் கூடாது என்று அன்றைக்கே நிய்யத்து வைத்தேன்.

சொல்லித்தர ஆள் தேவைப்படவில்லை, அவனுடைய அவசரமே எனக்கு வழியைக் காட்டியது. தலாக் சொன்ன பிறகு மூன்றாவது மாதவிடாய் தொடங்கினால்தான் இத்தா முடியும். அதுவரைக்கும் புருஷன் விரும்பினால் மீட்டுக்கொள்ளலாம், பெண்சாதியின் சம்மதம் கேட்கத் தேவையில்லை. வந்ததா இல்லையா என்பதற்குப் பெண்ணின் வாய்ச்சொல்லே போதும். அட்டாளைச்சேனைக்காரர் விவரமானவர். இத்தா முடிந்து முற்றாக அறுந்த பிறகுதான் நிக்காஹ், தன் மகள் இரண்டாம் தாரமாக இருக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டார்.

முதலாவது வந்தது. இரண்டாவது இழுத்துப் பறித்து, நோன்புப் பெருநாள் கழிந்த பிறகு வந்தது. மூன்றாவது வரவில்லை. நீண்ட நாள் வராவிட்டால் போடச் சொல்லி டொக்டர் தந்த மாத்திரை அட்டை அலுமாரிக்குள் இருந்தது. போட்டு முடித்தால் சில நாளில் வந்துவிடும். போடவில்லை. அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு மூடிவிடுவேன்.

அவர்கள் பொறுமை இழந்தார்கள். ஹவ்வா உம்மா முதலில் பப்பாசிப்பழம் அனுப்பினார். பிறகு அன்னாசி. பிறகு ஒரு டப்பா நிறைய எள்ளுருண்டை, கையால் உருட்டியது. கட்டிக் குடும்பம் நடத்திய காலத்தில் ஒரு வாழைப்பழம் தராத மனிசி. எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் கொடுத்தேன், அந்த ஆட்டுக்கு என்னவானதோ தெரியாது. ஆள் விட்டு விசாரித்தபோதெல்லாம், “இன்னும் இல்ல மாமி, நான் ஒழுங்கில்லாதவதானே” என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினேன். ஹஜ்ஜுப் பெருநாளும் வந்து போனது. இலவு காத்த கிளியாக அவன் மெலிந்துபோனான் என்று ஊரில் சொன்னார்கள். கேட்டு அன்றைக்கு ஒரு பிடி கூடச் சோறு சாப்பிட்டேன்.

கடைசியில் அட்டாளைச்சேனைக்காரர் மகளைப் பொத்துவில் மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். செய்தியைக் கொண்டுவந்தவள் என் தங்கச்சி றஸ்னா. அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாடி வீடு போனால் அவன் எங்கே வருவான்? ஓட்டு வீட்டுக்குத்தான் வருவான். இத்தா இன்னும் முடியவில்லை. ஒரு சொல் சொன்னால் போதும், நான் மறுபடியும் அவன் பெண்சாதி. அவனுக்குக் கட்டிய கயிற்றில் என் காலே மாட்டியிருந்தது.

அலுமாரியைத் திறந்து முதல் மாத்திரையை விழுங்கினேன்.

அட்டை முடிகிற நேரத்தில் ஹவ்வா உம்மாவிடமிருந்து ஆள் வந்தது. மகன் மனம் மாறிவிட்டாராம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் காதியாரையும் பெரிய மனிதர்களையும் கூட்டிவந்து என்னை மீட்டுக்கொள்ளப் போகிறாராம். இதை அவன் தாய் வீட்டில் பாயில் படுத்துக்கொண்டே சொல்லியிருந்தாலும் செல்லும், என் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் பைத்தியக்காரியை மன்னித்து ஏற்றுக்கொண்ட நல்ல மனிதன் என்று ஊர் பார்க்க வேண்டுமே. அந்தப் பெருமைதான் எனக்குத் தவணை தந்தது.

அந்தக் கிழமை எனக்கு எல்லாம் வந்தது. மார்பு வலித்தது, தலை வெடித்தது, தையல் மெஷினின் சத்தம் பொறுக்க முடியாமல் றஸ்னாவைப் பார்த்துக் கத்தினேன். தேத்தண்ணீர்க் கோப்பையை முற்றத்தில் வீசி உடைத்தேன். உடைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கோபத்துக்கு நன்றி சொன்னேன். அது வந்தால் பின்னால் மற்றது வரும். வியாழன் இரவு வரைக்கும் வரவில்லை. வயிற்றில் உள்ளதை மறைப்பதும் இத்தாவில் பொய் சொல்வதும் ஹறாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், வராவிட்டாலும் வந்தது என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். அதற்கு அல்லாஹ்விடம் பிறகு கெஞ்சிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பினேன், தொழவில்லை. உதிரம் கண்டவளுக்குத் தொழுகை இல்லை, தொழத் தேவையில்லாமல் போயிருந்தது.

ஜும்ஆ முடிந்து வந்தார்கள். காதியார், றிஸ்மி, சாட்சிகளாக அன்றைக்குத் தாடியைப் பிடித்துச் சிரித்த பெரியவாப்பாவும் இன்னும் ஒருவரும். றிஸ்மி புதுச் சாரன் உடுத்தி அத்தர் பூசியிருந்தான். வாப்பா எதிரே தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். நான் அறைத் திரைக்குப் பின்னால் நின்றேன். வாப்பாவிடம் முன்கூட்டியே ஒன்றும் சொல்லவில்லை. அவன் முழுதாகச் சொல்லி முடிக்கட்டும், பிறகு விழட்டும் என்று விட்டேன்.

அவன் நீளமாகக் கதைத்தான். தான் பட்ட துன்பத்தைச் சொன்னான், தன் இரக்கத்தைச் சொன்னான். நோய்க்காரியை நடுத்தெருவில் விடுவது ஆண்பிள்ளைக்கு அழகில்லை என்றான். என் வீட்டுக்குள் இருந்துகொண்டு என்னை நடுத்தெருவில் விடுவதைப் பற்றிச் சொன்னான். கடைசியில் இரண்டு சாட்சிகளையும் பார்த்து, என் பெயரைச் சொல்லி, றினோஸாவை மீட்டுக்கொண்டேன் என்றான்.

“காதியார்,” என்றேன் திரைக்குப் பின்னாலிருந்து. “நான் இண்டைக்குச் சுபஹ் தொழல்ல. மூணாவது வந்திட்டு. இத்தா முடிஞ்சி.”

றிஸ்மி எழும்பிவிட்டான். பொய் என்றான், இத்தனை மாதம் வராதது இன்றைக்குப் பார்த்து வந்ததா என்றான். சத்தியம் செய்யச் சொல்லுங்கள் என்றான். வல்லாஹி என்று சத்தியம் செய்தேன். அவன் காதியாரின் பக்கம் திரும்பி, இவள் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டான்.

காதியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“தம்பி, அது எப்ப வரும் எண்டு படைச்ச றப்புக்கும் அவவுக்கும்தான் தெரியும், மனிசனால கணக்குப் பார்க்க ஏலா எண்டு நீங்கதானே அண்டைக்குச் சொன்னீங்க. அவட சொல்லுத்தான் சொல்லு. இனி வேணுமெண்டா புதுசா நிக்காஹ் செய்யணும். அதுக்கு அவ ஓம் எண்டு சொல்லணும்.”

முதலில் சிரித்தது பெரியவாப்பாதான். அடக்கப் பார்த்தார், முடியவில்லை, அன்றைக்குப் போலவே தாடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். திரை இடுக்கால் வாப்பாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தலையை நிமிர்த்தி றிஸ்மியின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் செருப்பைத் தேடினான். எனக்கு மாதவிடாயின் வலி அடிவயிற்றை முறுக்கியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது.

“போன் கையிலதானே இரிக்கி,” என்றேன். “இதையும் வீடியோ எடுத்து உங்கட குறூப்பில போடுங்களன்.”

அவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு படி இறங்கினான்.