கராச்சி கார்டு

நகரின் ஓரத்து வாகட்டிலிருந்து நடுவிலுள்ள கேம்ப் பகுதிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்கால் மணி நேரம் போதும். ஸ்ரீலக்ஷ்மிக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. திரும்பிப் போய்விடலாமா என்று வழியில் இரண்டு தடவை காரை ஓரங்கட்டி உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து இருக்கையில் கைப்பை. அதற்குள் பேனா அளவில் ஒரு புற ஊதா டார்ச், பிளாஸ்டிக் உறையில் ஒரு பழைய புகைப்பட அஞ்சலட்டை. ராஜஸ்தானத்து ஏரியில் பயணிகள் விமானம் ஒன்று படகுபோல மிதக்கிறது. கரையில் தலைப்பாகைக் கூட்டம் வாய் பிளந்து நிற்கிறது. ஆறு வருடத்துக்கு முன்பு வரை அது ஆரோக்கியசாமியின் அட்டை.

கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஜூனா பஜாரில் துருப்பிடித்த சாமான்களுக்கு நடுவே குனிந்து குனிந்து, ஆரம்பகாலப் பயணிகள் விமானங்களின் அட்டைகளைச் சேர்த்தவர். ஸ்ரீலக்ஷ்மிக்கும் அதே பைத்தியம்தான். ஐ.டி. கம்பெனி வேலை முடிந்து வந்ததும் இணைய ஏலங்களில் தேடுவாள். ஏரி அட்டையைக் கொடுக்க அவருக்கு மனமே வரவில்லை. அவள்தான் விடாமல் நச்சரித்து, பதிலுக்குக் கராச்சி அட்டையைத் தந்து வாங்கிக்கொண்டாள். கராச்சி விமானத் தளத்தில் நான்கு எஞ்சின் வைத்த இரட்டை இறக்கை விமானம். ஏணியில் ஒரு காலை வைத்தபடி தொப்பி போட்ட பெண்.

டார்ச் வந்து மூன்று வாரமாகிறது. இந்தக் காலத்துக் காகிதத்தில் வெளுப்புக்காகக் கலக்கும் ரசாயனம் அந்த ஒளி பட்டால் நீலமாகப் பளீரிடும். விமானங்கள் புதிதாகப் பறந்த அந்த நாட்களின் காகிதத்தில் அது கிடையாது. விளையாட்டாகத் தன் ஆல்பத்தில் அடித்துப் பார்த்தாள். இணைய ஏலத்தில் கராச்சி அட்டையோடு ஒரே கட்டாக வந்தவற்றில் அவளிடம் மிஞ்சியிருந்த நான்கும் டியூப்லைட் மாதிரி எரிந்தன.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். நேற்று சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"நாளைக்கு கார்டு கண்காட்சிப் போட்டில என் ஃபிரேமையும் வெக்கிறாங்கம்மா. மொத மொதல்ல! நாப்பது கார்டு. கராச்சிதான் நட்ட நடுவுல. நீ வராம இருந்துடாதே."

நடுவர் யாரென்று கேட்டாள். அம்ருதா என்றார். சந்தேகம் வந்தால் அட்டையை வெளியே எடுக்கச் சொல்லி டார்ச் அடிப்பவர் அம்ருதா. ஒரு போலி அகப்பட்டாலும் மொத்தச் சட்டகமும் தள்ளுபடி. காரணத்தைப் பெயரோடு பலகையில் எழுதி ஒட்டிவிடுவார்கள்.

அவள் கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைந்தபோது மணி பத்தே முக்கால். அம்ருதா மூன்றாவது சட்டகத்தின் முன்னால் நின்றிருந்தார். ஆரோக்கியசாமியுடையது ஏழாவது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அவர். சுற்றிலும் பழைய தொழிற்சாலைக் கூட்டாளிகள் நான்கைந்து பேர்.

"வாம்மா லக்ஷ்மி! எல்லாம் உன் கார்டத்தான் பாத்துனு கீறாங்க."

"அண்ணே, ஒரு நிமிஷம் வெளிய வாங்க."

"இரும்மா, இவனுக்குச் சொல்லிட்டு..."

"இப்பவே வரணும்ணே."

படிக்கட்டுப் பக்கம் வந்ததும், கராச்சி அட்டை போலி என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். சொல்லி முடித்தும் அவர் முகம் மாறவில்லை. புரியவில்லையோ என்றுகூட நினைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தெரிஞ்சே குடுத்தியா?"

"சத்தியமா இல்லண்ணே. நானும் ஏமாந்துதான் வாங்கினேன்."

"எப்ப தெரியும்?"

நேற்று என்று சொன்னால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. நாக்கு நுனிவரை அது வந்தது.

"மூணு வாரமா."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"மூணு வாரமா நான் தெனம் ராத்திரி அத்த நடுவுல வெச்சி, எடுத்து, மறுபடி வெச்சினு கெடந்தேன்."

அவள் ஏரி அட்டையை நீட்டினாள். "இத அங்க வெச்சிடலாம்ணே. சட்டகத்தத் திறக்கச் சொல்லிக் கேப்போம்."

அவர் அதை வாங்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போனார். அம்ருதா ஐந்தாவது சட்டகத்துக்கு வந்துவிட்டிருந்தார். சட்டகத்தைத் திறக்கக் கேட்டதற்குக் கண்காட்சிப் பொறுப்பாளர் கையை விரித்தார்: நடுவர் சுற்று தொடங்கியபின் யாரும் எதையும் எடுக்கவோ வைக்கவோ கூடாது. பேசாமல் இருங்கள், அம்ருதா கண்ணில் படாமலும் போகலாம் என்று கூட்டாளி ஒருவர் காதில் ஓதினார். ஸ்ரீலக்ஷ்மிக்கும் அந்த நப்பாசை இருந்தது. பிரிண்ட் அவ்வளவு நேர்த்தி.

ஆரோக்கியசாமி நேராக அம்ருதாவிடம் போய் நின்றார்.

"மேடம், சாத் நம்பர் மேரா ஹை. உஸ்மே ஏக் கார்டு நக்லி ஹை. அபி மாலும் படா."

ஏழாம் எண் தன்னுடையது, அதில் ஒரு அட்டை போலி, இப்போதுதான் தெரிந்தது என்று அவர் இந்தியில் சொன்னதும் கூடத்தில் தலைகள் திரும்பின. அம்ருதா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். பிறகு சட்டகத்தைத் திறக்கச் சொல்லி, கராச்சி அட்டையை எடுத்து, உள்ளங்கையைக் குவித்து நிழல் பண்ணி டார்ச்சை அடித்தார். விரலிடுக்குகளில் நீலம் கசிந்தது.

"மற்றதையும் பார்க்க வேண்டியிருக்கும்," என்றார் மராத்தியில்.

முப்பத்தொன்பது அட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்து, அடித்து, வைத்தார். ஆரோக்கியசாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இருபதாவது, முப்பதாவது... எதுவும் ஒளிரவில்லை. கடைசி அட்டையை வைத்துவிட்டு அம்ருதா தன் தாளில் எழுதினார். தானாக முன்வந்து சொன்னதால் தள்ளுபடி இல்லை. நடுவில் இடம் காலியாக இருக்கும், மதிப்பெண் குறையும்.

மத்தியானம் முடிவு சொன்னபோது வெண்கலம் கிடைத்தது. கராச்சி இருந்திருந்தால் வெள்ளி என்று கூட்டாளிகள் ஆதங்கப்பட்டார்கள்.

எல்லோரும் வடா பாவ் தின்னப் போனபின் அவர் ஸ்ரீலக்ஷ்மியிடம் வந்தார். ஏரி அட்டைக்காகக் கையை நீட்டினார். அவள் கொடுத்ததும், "டார்ச்சையும் குடு" என்றார். அவள் கண்ணெதிரிலேயே அடித்துப் பார்த்தார். தன்னிடம் ஆறு வருடம் இருந்த, அவருடைய சொந்த அட்டையை அவர் சோதிப்பதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அந்தக் கட்டுல மொத்தம் எத்தினி வந்திச்சி?"

"பதினொண்ணு."

"எனக்கு ஒண்ணு, உங்கிட்ட நாலு. மீதி ஆறு?"

"மாத்திக் குடுத்துட்டேன். சங்கரன் சார்கிட்ட ரெண்டு. ஜெயந்த்கிட்ட ஒண்ணு. நாசிக்ல ஒருத்தர்கிட்ட மூணு."

"சொல்லிட்டியா?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"போன் போடு," என்றார். "நான் இங்கியேதான் நிப்பேன்."

அவள் போனை எடுத்துச் சங்கரன் பெயரைத் தேடினாள். அவர் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கம் தள்ளினார். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது.